சிவப்பு ஸ்விட்சைப் போட்டால் போதும்

சொர்ணலதா சத்தம் போட்டு நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். வருஷக்கணக்காகப் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்காருகிறோம். மெதுவாகப் பேசுவாள், பாதி வார்த்தையை முழுங்கிவிடுவாள். அவள் கத்தியது போன தசராவில், ஆயுதபூஜை அன்றைக்கு, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு கால்வாய்க் கரையில். தன் சொந்தத் தம்பியைப் பார்த்துக் கத்தினாள். 

என் பெயர் ஸத்யபாமா. மைசூரில் ஹெப்பாள் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு சின்னக் கம்பெனியில் வாடிக்கையாளர்களின் போனை எடுக்கிற வேலை. எதிர்முனையில் கத்துகிறவர்களிடம் திரும்பக் கத்தாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். பாக்கிக் கத்தலையெல்லாம் ஆத்துக்குக் கொண்டுபோய் என் ஆத்துக்காரரிடம் தீர்த்துக்கொள்வேன்.

எங்கள் கம்பெனி செய்வது விவசாய மோட்டாருக்கான மொபைல் ஸ்டார்ட்டர். ஒரு இரும்புப் பெட்டி, உள்ளே ஒரு போர்டு, போர்டில் ஒரு சிம் கார்டு. விவசாயி வீட்டில் இருந்தபடியே மோட்டாரின் நம்பருக்குப் போன் போட்டால், அது அழைப்பைத் துண்டித்துவிட்டு மோட்டாரை ஓட்ட ஆரம்பிக்கும். பாம்பு நடமாடுகிற வரப்பில் நடந்து போக வேண்டியதில்லை. பதிவு செய்யாத நம்பரிலிருந்து போன் வந்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும், மோட்டார் கண்டுகொள்ளாது.

பெட்டியின் வெளிப்பக்கத்தில் ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். மோட்டாரிலோ பம்பிலோ கை வைத்து வேலை செய்யும்போது அதைப் போட்டுவிட வேண்டும். அது போட்டிருக்கும்வரை, பதிவு செய்த நம்பரே கூப்பிட்டாலும் மோட்டார் எழுந்திருக்காது. ‘சிவப்பு ஸ்விட்சைப் போட்டால் போதும்’ என்று பெட்டி மேல் கன்னடத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தோம். எங்கள் முதலாளி ஹ்ருஷிகேஷ் யோசித்து எழுதிய வாசகம். எனக்கு அந்தப் ‘போதும்’ முதலிலிருந்தே பிடிக்கவில்லை, ஆனால் ஸ்டிக்கர் விஷயத்தில் என்னை யார் கேட்டார்கள்.

சொர்ணலதா, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்துக் குடும்பம். அப்பா அய்யாசாமி கொத்தனார். மைசூரில் ஒவ்வொரு லே-அவுட்டாக ஊராருக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, கடைசிவரை வாடகை வீட்டிலேயே இருந்து போய்ச் சேர்ந்தார். அம்மா பாப்பாயி ஊதுபத்தி உருட்டி இவளை இன்ஜினீயரிங் படிக்க வைத்தாள். தம்பி மதனுக்குப் படிப்பு ஏறவில்லை, ஐ.டி.ஐ.யோடு நின்றுவிட்டான். அம்மாவும் போனபிறகு அவனுக்கு எல்லாமே இவள்தான். எங்கள் கம்பெனியில் அவனை டெக்னீஷியனாகச் சேர்த்துவிட்டதும் இவள்தான். முப்பது வயசு ஆம்பிளைக்கு இன்னமும் டிபன் டப்பாவில் இரண்டு முட்டை வைத்து அனுப்புகிறாயே என்று கேலி செய்தால், “அவன் காடுமேடெல்லாம் அலையறானுங்க்கா” என்பாள்.

அவள் வேலை என்னவென்று எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். ஆட்கள் எழுதுகிற புரோகிராமை, போர்டில் இருக்கிற சிப்புக்குப் புரிகிற பாஷையில் மாற்ற வேண்டும். மாற்றுவது கம்பைலர் என்கிற ஒரு மென்பொருள். எப்படி மாற்ற வேண்டும் என்று அதற்கு நாம் சொல்லி அனுப்புகிற கட்டளைக்கு ஃப்ளாக் என்று பெயர். ஒரு சின்னக் கோடு, ஒரு எழுத்து, ஒரு எண், அவ்வளவுதான் இருக்கும். கல்யாணச் சமையல்காரரிடம் காரம் கம்மி, எண்ணெய் கம்மி என்று சொல்லி அனுப்புகிற மாதிரி. அரிசி பருப்பு அதேதான், சமையல்காரரும் அவரேதான், சொல்லி அனுப்பியது மாறினால் சாப்பாடு மாறிவிடும்.

அதில் ஒரு ஃப்ளாக், எழுதியதை எழுதியபடியே மாற்று, உன் சாமர்த்தியத்தைக் காட்டாதே என்று சொல்லும். இன்னொன்று, வேண்டாததையெல்லாம் வெட்டி எறி, சுருக்கு, வேகமாக்கு என்று சொல்லும். சொர்ணா எப்போதும் போடுவது முதலாவது. அதை அவள் எழுதி வைத்திருந்தது ஆபீஸின் மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் மட்டும். இப்படி மாற்றி எடுப்பதை பில்ட் என்பார்கள், அதனால் அதற்குப் பெயரே பில்ட் மெஷின். எந்த போர்டுக்கான புரோகிராமானாலும் அந்த மெஷினிலிருந்து, அவள் கையால்தான் வெளியே போகும். அதனால் வேறெங்கும் எழுதி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆயுதபூஜையன்று காலையில் ஆபீஸ் முழுக்கச் சாமந்தி வாசனை. மைசூரில் அன்றைக்கு ஆட்டோவிலிருந்து ஆர்.எம்.எஸ். தபால் லாரிவரை எல்லாவற்றுக்கும் வாழைக்கன்று கட்டியிருப்பார்கள். எங்கள் ஆபீஸில் சால்டரிங் அயர்ன், ஸ்பானர், டெஸ்ட் போர்டு எல்லாவற்றையும் ஒரு மேஜையில் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்தோம். பில்ட் மெஷினை அணைத்துவிட்டு, மானிட்டருக்கு முழ நீளத்துக்கு ஒரு மாலை. பூஜை போட்ட ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை ஆகும்வரை தொடக்கூடாது என்பது ஹ்ருஷிகேஷின் அப்பா லேத் பட்டறை வைத்திருந்த காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தில் கண்டிப்பு. பூசணிக்காய் உடைத்து, பொரியும் கடலையும் ஸ்வீட் பாக்ஸும் கொடுத்தாயிற்று. பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள்.

நானும் சொர்ணாவும் பேப்பர் தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தோம். அப்போது ஹ்ருஷிகேஷ் தன் கேபினிலிருந்து லட்டு சாப்பிட்டுக்கொண்டே வந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் ஒரு வேலையைத் தானே முடித்துவிட்டால் அதை நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க முடியாது.

“சொர்ணா, ஸ்ரீரங்கப்பட்டணம் பார்ட்டி ப்ராப்ளம் சால்வ்டு. மோட்டார் எழுந்த உடனே நின்னு போறதுன்னு டீலர் காலையிலேர்ந்து உயிரை வாங்கிண்டிருந்தார். பாவம், நெல்லு கதிர் பிடிக்கற நேரம். ஒரு நம்பரைத்தான் மாத்தணும், நானே மாத்தி பில்ட் பண்ணி, மதன் கிட்ட பென் டிரைவ்ல குடுத்து அனுப்பிட்டேன். ஃபைல் சைஸ் என்ன ஆச்சு தெரியுமா? பாதி! பழைய மெஷின்ல வர்றதுல பாதிதான் வந்தது.”

சொர்ணா கையிலிருந்த தட்டுகள் கீழே விழுந்தன.

“எதுலீங்க சார் பில்ட் பண்ணுனீங்க?”

“என் லேப்டாப்ல. அது கார்லயே இருந்தது, பூஜைல வைக்கலை. பூஜை போட்ட மெஷினை நான் எப்படிம்மா தொடுவேன்?”

அவள் முகம் வெளுத்து, உதடு மட்டும் அசைந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சைஸ் குறைந்தால் நல்லதுதானே, இதற்கு ஏன் இவள் இப்படி நிற்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

“ஏண்டி, என்ன ஆச்சு?”

“ஃப்ளாக் போகலீங்க்கா. அந்த லேப்டாப்ல வெட்டி எறியற ஃப்ளாக்தான் இருக்கும். எதை வெட்டுச்சோ தெரியலீங்க்கா.” பிறகு ஹ்ருஷிகேஷைப் பார்த்து, “மதன் புரோகிராம் ஏத்திட்டு வந்துருவானுங்களா சார், இல்ல வேற எதாச்சும் வேல சொன்னீங்களா?” என்று கேட்டாள்.

“பம்ப்போட பெல்ட் லூஸா இருக்காம். அதையும் டைட் பண்ணிட்டு வரச் சொன்னேன்.”

அவள் போனை எடுத்து மதனுக்கு அடித்தாள். பக்கத்து அறையில் மணி அடித்தது.

நாங்கள் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். பூஜை மேஜையில், ஸ்பானர்களுக்கு நடுவில், சாமந்திப் பூவுக்கு அடியில் மதனின் போன் அடித்துக்கொண்டிருந்தது. திரையில் குங்குமப் பொட்டு. அவன் ஆயுதங்களில் அதுவும் ஒன்று என்று காலையில் அவனே கொண்டுவந்து வைத்தது. பூஜை போட்டதை எடுக்கக்கூடாது என்று அப்படியே விட்டுவிட்டு பைக்கில் கிளம்பியிருக்கிறான்.  இத்தனை வருஷம் போன் எடுக்கிற வேலை செய்கிறவள், ஒரு போன் அடித்ததற்கு என் உடம்பு முழுக்கச் சில்லிட்டுப் போனது அன்றைக்குத்தான்.

ஹ்ருஷிகேஷ் மட்டும் “ஒண்ணும் ஆகாது, அவன் சிவப்பு ஸ்விட்சைப் போட்டுண்டுதான் கை வைப்பான்” என்றார். சொர்ணா பூஜை மேஜையிலிருந்து டெஸ்ட் போர்டை எடுத்தாள். அதன் மேலிருந்த பூவைத் தட்டிவிட்டாள். ஹ்ருஷிகேஷ் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். லேப்டாப்பிலிருந்த புதுப் புரோகிராமை அதில் ஏற்றி, பவர் கொடுத்து, சிவப்பு ஸ்விட்சைப் போட்டாள்.

“இப்ப உங்க போன்லருந்து கூப்புடுங்க சார்.”

அவர் நம்பர் பதிவு செய்த நம்பர். கூப்பிட்டார். அழைப்பு துண்டானது. அடுத்த நொடி போர்டில் ‘டக்’ என்று ஒரு சத்தம். மோட்டார் இருந்திருந்தால் அந்த நொடியில் சுற்ற ஆரம்பித்திருக்கும். சிவப்பு ஸ்விட்ச் போட்டபடிதான் இருந்தது.

ஹ்ருஷிகேஷ் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். நான் “பெருமாளே” என்று சொன்னதாக ஞாபகம்.

என்ன நடந்தது என்று சொர்ணா பிற்பாடு எனக்கு விளக்கினாள். ஸ்விட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்று போர்டு ஒரு இடத்தில் குறித்து வைத்திருக்கும். மோட்டாரைக் கிளப்புமுன் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தைப் பார் என்று புரோகிராமில் எழுதியிருக்கிறது. சாமர்த்தியமான ஃப்ளாக் போட்ட கம்பைலர், இந்தப் பகுதியில் யாரும் அதை மாற்றுகிற மாதிரித் தெரியவில்லையே, எதற்கு ஒவ்வொரு தடவையும் பார்ப்பானேன் என்று, ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு மற்றதையெல்லாம் வெட்டிவிட்டது. என் ஆத்துக்காரரும் இப்படித்தான். காலையில் ஒரு தடவை கேட் பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, ராத்திரி நான் கேட்கும்போதும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பூட்டித்தான் இருக்கு என்பார்.

அப்போது விளக்கத்துக்கெல்லாம் நேரமில்லை, மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. அந்த வட்டாரத்தில் வயலுக்கு, மோட்டாரை ஓட்டுகிற மூன்று பேஸ் கரண்ட் மத்தியானம் இரண்டு மணிக்கு வரும். கரண்ட் வந்ததும் போர்டு விவசாயிக்கு ஒரு மெசேஜ் அனுப்பும். மெசேஜைப் பார்த்ததும் அவர் மோட்டாரைக் கூப்பிடுவார். அவர் நம்பர் எங்களிடம் இல்லை, டீலரிடம்தான் இருந்தது. டீலர் தசரா கும்பலில் எங்கேயோ மாட்டிக்கொண்டு போனை எடுக்கவில்லை. ஆபீஸில் இருந்தபடி போர்டை நிறுத்துகிற வசதியும் அந்தப் பழைய மாடலில் கிடையாது. எங்கள் கையில் இருந்தது அந்த மோட்டாரின் சிம் நம்பர் ஒன்றுதான்.

“அக்கா, உங்க நம்பரு எந்த போர்டுலயும் பதிவு பண்ணலைல்ல?” என்று சொர்ணா திடீரென்று கேட்டாள்.

“இல்லையே, எதுக்கு?”

“நீங்க மோட்டாரக் கூப்புட்டுட்டே இருங்க. அது எடுக்காது, மணி அடிச்சுட்டே இருக்கும். அடிக்கறவரைக்கும் லைன் பிஸி. வேற யாரும் உள்ள வர முடியாதுங்க்கா.”

நான் போனைக் கையில் எடுத்தேன். நம்பரைப் போட்டேன். பச்சைப் பொத்தானை அழுத்தப் போன விரல் நின்றுவிட்டது. பதிவு செய்த நம்பரா என்று பார்க்கிற இடத்தையும் அந்தக் கம்பைலர் வெட்டியிருந்தால்? அப்படியானால் கரண்ட் வந்தபிறகு நான் போன் செய்கிற நொடியில் மோட்டார் சுற்றும். அந்தப் பிள்ளை கை உள்ளே இருக்கும். நான்தான் சுற்ற வைத்தவள் ஆவேன்.

“சொர்ணா, இதை முதல்ல மேஜைல பாரு. நான் மாட்டேன்” என்று கத்தினேன். அவளுக்கும் அது தோன்றியிருக்கிறது, கை ஏற்கெனவே சிவப்பு ஸ்விட்சை அணைத்துக்கொண்டிருந்தது. மேஜை போர்டின் நம்பருக்கு என் போனிலிருந்து அடித்தேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. டக் சத்தம் வரவில்லை. அதற்குப் பிறகுதான் மோட்டாரின் நம்பருக்கு அடித்தேன். என் வாழ்நாளில் இத்தனை பயத்தோடு யாருக்கும் போன் செய்ததில்லை, அதுவும் ஒரு மோட்டாருக்கு.

அவளுடைய ஸ்கூட்டரில் கிளம்பினோம். ஹ்ருஷிகேஷ் கார் எடுக்கிறேன் என்றார். வாழைக்கன்று கட்டிய வண்டிகள் ரிங் ரோடு முழுக்க நிற்கின்றன, கார் போகாது, நீங்கள் டீலரைப் பிடியுங்கள் என்று அவரை விட்டுவிட்டு வந்தோம். அந்தப் பம்ப் ஷெட்டுக்கு சொர்ணா முன்பே ஒரு தடவை போயிருக்கிறாள், வழி தெரியும். பெங்களூர் ஹைவேயில் டூவீலரை விடமாட்டார்கள், சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். சர்வீஸ் ரோட்டில் கரும்பு வண்டி, டிராக்டர், பூசணிக்காய் உடைத்த சிதறல், அதில் வழுக்கி விழுந்து எழுந்திருக்கிற ஒரு பையன். பாதிக்கு மேல் ஹாரனை விட்டுக் கையை எடுக்காமல் ஓட்டினாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் போனை வைத்துக்கொண்டு நான் பின்னால்.

மணி அடிக்கும், அடிக்கும், பிறகு நீங்கள் அழைத்தவர் பதில் அளிக்கவில்லை என்று கன்னடத்தில் ஒரு பெண் சொல்வாள். உடனே மறுபடி அடிக்க வேண்டும். அந்த இரண்டு அழைப்புக்கும் நடுவில் ஒரு மூச்சு விடுகிற இடைவெளி இருக்கிறது பாருங்கள், அதில்தான் என் உயிர் போய் வந்தது. அந்த இடைவெளியில் யாரும் நுழைந்துவிடக்கூடாது. மறுபடி மணிச் சத்தம் கேட்டால்தான் லைன் இன்னமும் என்னிடம் இருக்கிறது என்று அர்த்தம். காவிரிப் பாலம் தாண்டும்போது ஒரு தடவை டவர் போய்விட்டது. நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அவளுக்குச் சொல்லவில்லை, ஆனால் என் விரல் அவள் தோளில் பதிந்ததில் அவளுக்குத் தெரிந்திருக்கும். டவர் வந்தது, அடித்தேன், மணி கேட்டது.

“மணி ரெண்டாச்சுங்களா?” என்று திரும்பாமலே கேட்டாள்.

ஆகிவிட்டிருந்தது. “இன்னும் இல்லடி, நீ ரோட்டைப் பாரு” என்றேன்.

கால்வாய்க் கரை மண் ரோட்டில் திரும்பியதும் பம்ப் ஷெட் தெரிந்தது. மோட்டார்ச் சத்தம் இல்லை. எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே மதன் குந்த வைத்து உட்கார்ந்து, பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வலது கையை முழங்கைவரை விட்டிருந்தான். இடது கையில் பைக்கிலிருந்து எடுத்த ஸ்பானர். வாயில் ஏதோ பாட்டு.

“மதா! கைய எடுறா!”

அந்தக் குரலைத்தான் சொன்னேன். கரையில் மேய்ந்துகொண்டிருந்த எருமைகள்கூடத் தலையைத் தூக்கின. மதன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். கையை எடுக்கவில்லை.

“என்னக்கா, நீங்க ரெண்டு பேரும் எங்க இங்க? சிவப்பு போட்டிருக்கேன்க்கா, பயப்படாதீங்க” என்றான்.

பயப்படாதீங்க என்கிறான். கை உள்ளே. எனக்கு அவனை அங்கேயே அடித்துப் போட வேண்டும் போலிருந்தது. சொர்ணா ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடவில்லை, அது விழுந்தது, நானும் அதோடு விழுந்தேன். ஓடிப்போய் அவன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இரண்டு பேரும் மல்லாக்க விழுந்தார்கள். ஸ்பானர் பெல்ட் மேலேயே கிடந்தது.

நான் முட்டியைத் தடவிக்கொண்டு எழுந்தேன். போன் மண்ணில் கிடந்தது. அந்தப் பெண் கன்னடத்தில் பதில் அளிக்கவில்லை என்று சொல்லி முடித்துவிட்டாள். இனி எதற்கு என்று நான் மறுபடி அடிக்கவில்லை.

டக் என்றது.

மோட்டார் உறுமிக்கொண்டு எழுந்தது. பெல்ட் ஓட, மேலே கிடந்த ஸ்பானர் பறந்து போய் எதிர்ச் சுவரில் அடித்து, செங்கல்லைப் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. மதன் கை ஒரு நிமிஷத்துக்கு முன்னால் இருந்த இடம் கண்ணுக்கே தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது.  மதன் பெட்டியைப் பார்த்தான். சிவப்பு ஸ்விட்ச் போட்டபடியே இருந்தது. அதற்கு மேலே எங்கள் ஸ்டிக்கர். அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிப்போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

சொர்ணாதான் எழுந்து போய்ப் பெரிய மெயினை இறக்கினாள். அவ்வளவு சுலபமாக இறக்கக்கூடிய மெயின் அங்கேயே சுவரில் இருந்தது. நாங்கள் ஒட்டிய ஸ்டிக்கரை நம்பி அவன் அதைத் தொடவில்லை.

அப்போது நிலத்துக்காரக் கௌடர் ஒரு டி.வி.எஸ். வண்டியில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தார். புது வேஷ்டி, நெற்றியில் குங்குமம், முகமெல்லாம் கோபம்.

“நன் மோட்ரு ஜொத யாரு மாத்தாட்தாவ்ரெ?” என்று இறங்குமுன்பே கத்தினார். என் மோட்டாரோடு யார் பேசிக்கொண்டிருக்கிறது என்று கேட்கிறார். கரண்ட் வந்ததிலிருந்து கூப்பிடுகிறாராம், கூப்பிடக் கூப்பிட பிஸியாம். சாப்பாட்டை விட்டு எழுந்து கூப்பிட்டாராம், சாமி கும்பிடும்போது கூப்பிட்டாராம், வண்டியில் ஏறிக் கூப்பிட்டாராம். இப்போது கரைக்கு வந்து திரும்பும்போதுதான் லைன் கிடைத்ததாம்.

எத்தனை தடவை கூப்பிட்டீர்கள் என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. யாருக்கு ஞாபகம், பதினைந்து இருக்கும், இருபது இருக்கும் என்றார்.

சொர்ணா கரையில் உட்கார்ந்துவிட்டாள். மதனின் வலது கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கிரீஸ் அப்பிய கை. சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினாள். பிறகு இடது கையை வாங்கி எண்ணினாள். பெற்றெடுத்த பிள்ளையை முதல் முதலில் கையில் வாங்கினவள் எண்ணுகிற மாதிரி. முப்பது வயசு ஆம்பிளை, மீசையை வைத்துக்கொண்டு, பேசாமல் கையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

“உங்க மேல தப்பில்லக்கா. சார்தானே பில்ட் பண்ணுனாரு” என்றான் கடைசியில்.

“எனக்குத் தெரியும்டா” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “எனக்கு முன்னாடியே தெரியுமுங்க்கா. சேந்த புதுசுல ஒரு நாளு அந்த வேகமான ஃப்ளாக்கப் போட்டுப் பாத்தேன். போர்டு கிறுக்குப் புடிச்ச மாதிரி பண்ணுச்சு. ஏன்னு தேடல. ஃப்ளாக்க எறக்குனேன், சரியாப் போச்சு, விட்டுட்டேன். நோவு உள்ளயே இருந்திருக்குது, நான் போத்தி வெச்சிருக்கறேன்” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நேரம் ஹ்ருஷிகேஷை மனதுக்குள் வைதுகொண்டு வந்தவள் நான். இவள்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. நாக்கு நுனிவரை வந்ததைச் சொல்லியும் இருப்பேன். ஆனால் அவள் இன்னமும் அவன் விரலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன். கௌடரின் வீட்டிலிருந்து மோர் வந்தது, குடித்தோம்.

திரும்பும்போது மதன் எங்கள் பின்னாலேயே பைக்கில் வந்தான். அவள் கண்ணாடியில் அவனைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். வீட்டுக்குப் போகவில்லை, நேராக ஆபீஸுக்கு. பில்ட் மெஷினின் மாலையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். பூஜை போட்டு அரை நாள்கூட ஆகவில்லை. ஹ்ருஷிகேஷ் பக்கத்தில்தான் நின்றார், தடுக்கவில்லை. மறுநாள் ஊரே ஜம்பூ சவாரி யானை ஊர்வலம் பார்க்கப் போனபோதும் அவள் அந்த மூலையில்தான் இருந்தாள். சிவப்பு ஸ்விட்சை ஒவ்வொரு தடவையும் பார்த்தே ஆக வேண்டும், எந்த ஃப்ளாக் போட்டாலும் அதை வெட்டக்கூடாது என்று புரோகிராமுக்குள்ளேயே எழுதினாள். அதுபோல் ஒளிந்திருந்த வேறு நாலைந்து இடங்களையும் தேடிப் பிடித்தாள். ஃப்ளாக்குகளை எல்லோரும் பகிர்கிற இடத்தில் எழுதி வைத்தாள். ஸ்டிக்கரை மாற்றினோம். முதலில் மெயினை இறக்கு, அப்புறம்தான் சிவப்பு ஸ்விட்ச் என்று இருக்கிறது இப்போது. ‘போதும்’ போய்விட்டது. பழைய ஸ்டிக்கர் கட்டை நானே என் கையால் கிழித்துப் போட்டேன்.

இந்த வருஷம் சின்மயி என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். கன்னடத்தில் வெளுத்துக்கட்டுவாள், தமிழ் பேசுவாள், படிப்பது எழுத்துக்கூட்டித்தான். போன வாரம் தன் லேப்டாப்பில் எதையோ பில்ட் செய்யப் பார்த்தாள். அது பாதியில் நின்று, சிவப்பு நிறத்தில் ஒரு வரியைக் காட்டியது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“மேடம், இதென்ன எரர்? ‘ஃப்ளாக் சரியில்லை. மதன் கை உள்ளே இருக்கிறது’ன்னு தமிழ்ல வருது! யாரு இப்படி ஜோக் எழுதினது?”

சொர்ணா தலையைத் தூக்கினாள். மதன் அப்போது காபி டம்ளரோடு அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தான்.

“டேய், இங்க வா. டம்ளரக் கீழ வை. ரெண்டு கையையும் காட்டு.”

அவனுக்குப் பழக்கம்தான். டம்ளரை என் மேஜையில் வைத்துவிட்டு, பத்து விரலையும் விரித்து அந்தப் பெண்ணின் முகத்துக்கு முன்னால் நீட்டினான். நகக்கண்ணில் கிரீஸ். சின்மயி விரல்களைப் பார்த்தாள், சொர்ணாவைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

“இப்பச் சொல்லு கண்ணு” என்றாள் சொர்ணா. “எந்த ஃப்ளாக் போட்ட?”